சாம்பலில் ஒளிந்திருந்த உப்பு: ஒரு ஹாமின் சத்துக் கணக்கு வந்த கதை

முதலில் ஒரு பட்டியல். அமெரிக்க விவசாயத் துறை வெளியிடும் உணவுச் சத்து அட்டவணையில், எலும்பு நீக்கி, உப்பிட்டுப் பதப்படுத்தி, ஓவனில் வாட்டிய சாதாரண ரக ஹாம் என்று ஒரு வரி இருக்கிறது. ஹாம் என்றால் பன்றியின் பின்னந்தொடை. 100 கிராமுக்கு அது தரும் கணக்கு சுமாராக இப்படி:

கலோரி 178
தண்ணீர் 64.5 கிராம்
புரதம் 22.6 கிராம்
கொழுப்பு 9 கிராம்
மாவுச்சத்து 0
சோடியம் 1,500 மில்லிகிராம்
தயமின் (வைட்டமின் பி1) 0.7 மில்லிகிராம்

புரதம் நிறைய, மாவுச்சத்து பூஜ்யம். ஜிம்முக்குப் போகிறவர்கள் இந்த இரண்டு எண்களைப் பார்த்ததுமே தட்டில் வைத்துவிடுவார்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் சோடியத்தைப் பார்த்து தட்டைத் தள்ளிவிடுவார்கள். இரண்டு பேருமே இது ஏதோ ஒரே நாளில், ஒரே ஆள், ஒரே கருவியை வைத்து அளந்த கணக்கு என்றுதான் நினைப்பார்கள்.

அப்படி இல்லை. இந்தப் பட்டியலின் ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு காலத்தில் வந்து சேர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் அந்தக் காலத்துக்கே உரிய ஒரு பயமோ தேவையோ இருந்தது. அது தெரிந்தால்தான், பட்டியலில் எது இல்லை என்பதும் தெரியும். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

கெடாமல் இருந்தால் போதும்

ஹாம் பிறந்த காலத்தில் யாரும் சத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. பன்றியை வெட்டினால் அத்தனை கறியையும் ஒரே நாளில் தின்ன முடியாது. மீதியை என்ன செய்வது? நம்மூரில் உப்புக்கண்டம் போட வைத்த அதே கேள்விதான்.

கி.மு. 2ஆம் நூற்றாண்டு ரோமானியரான கேட்டோ, விவசாயம் பற்றி எழுதிய நூலில் இதற்குச் செய்முறை கொடுத்திருக்கிறார். ஒரு தொடைக்கு அரை மோடியஸ் பொடித்த உப்பு, அதாவது இன்றைய அளவில் நாலு லிட்டருக்கும் மேல். பெரிய தாழியின் அடியில் உப்பைப் பரப்பி, தொடைகளைத் தோல் கீழே இருக்கும்படி அடுக்கி, மேலே உப்பால் மூட வேண்டும். ஐந்தாம் நாள் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, மேலே இருந்ததைக் கீழே போட்டு மறுபடி அடுக்க வேண்டும். மொத்தம் 12 நாள் ஆனதும் உப்பைத் தட்டிவிட்டு இரண்டு நாள் காற்றில் தொங்கவிட்டு, எண்ணெய் தடவி, இரண்டு நாள் புகையில் வைக்க வேண்டும். கடைசியில் எண்ணெயும் காடியும் கலந்து பூசி மாட்டிவைத்தால் அந்தோ புழுவோ அண்டாது என்கிறார்.

உப்பு இங்கே செய்வது இரண்டு வேலை. ஒன்று, கறியிலிருந்து தண்ணீரை வெளியே இழுக்கிறது. இரண்டு, உள்ளே மிஞ்சும் தண்ணீரையும் கிருமிகள் பயன்படுத்த முடியாதபடி கட்டிவைக்கிறது. நம்ம கருவாடு மாசக்கணக்கில் கெடாமல் இருப்பதும் இதனால்தான்.

இந்த அளவு உப்பேறிய தொடையை அப்படியே கடித்தால் வாய் வெந்துவிடும். அதற்கும் ரோமானியர்கள் வழி வைத்திருந்தார்கள். அபிசியஸ் பெயரில் நமக்குக் கிடைத்திருக்கும் சமையல் நூலில், ஹாமை முதலில் உலர்ந்த அத்திப்பழங்களும் பிரிஞ்சி இலை போன்ற லாரல் இலையும் போட்டு வேகவைக்கச் சொல்கிறது. பிறகு தோலை உரித்து, கட்டம் கட்டமாகக் கீறி, கீறலில் தேனை நிரப்பி, மாவும் எண்ணெயும் பிசைந்த ஒரு போர்வையால் மூடி வாட்டுகிறார்கள். இன்று கிறிஸ்துமஸுக்கு மேல்நாட்டு வீடுகளில் தேன் பூசி வாட்டும் ஹாமுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வேகவைத்த தண்ணீரோடு கொஞ்சம் உப்பு போய்விடும், தேன் மிச்ச உப்பை நாக்கில் சமாதானப்படுத்தும்.

வெடியுப்பும் இளஞ்சிவப்பும்

சாதாரணப் பன்றிக்கறியை வாட்டினால் சாம்பல் கலந்த பழுப்பு நிறம் வரும். ஹாமை வாட்டினால் மட்டும் உள்ளே இளஞ்சிவப்பாகவே இருக்கும். ஏன்?

வெறும் உப்பு மட்டும் போட்டால் பெரும்பாலும் இந்த நிறம் வராது. உப்போடு வெடியுப்பும் சேர வேண்டும். வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட், வெடிமருந்துக்கும் அதுதான் மூலப்பொருள். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவுக்குப் போன வெடியுப்பில் பெரும்பங்கு பீகாரிலிருந்து கப்பலேறியது. டச்சுக்காரர்கள் நம்ம பழவேற்காட்டில் வெடிமருந்து ஆலையே நடத்தினார்கள். பீரங்கிக்குத்தான் அதில் பெரும்பகுதி. ஆனால் ஐரோப்பிய வீடுகளின் உப்புத் தொட்டிகளிலும் ஒரு சிட்டிகை வெடியுப்பு விழுந்துகொண்டிருந்தது.

அது எப்படி வேலை செய்கிறது என்று 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் புரிந்தது. 1891இல் ஜெர்மானிய வேதியியலாளர் பொலென்ஸ்கே, நைட்ரேட் மட்டுமே போட்ட உப்புநீரில் நைட்ரைட் இருப்பதைக் கண்டார். அதை உண்டாக்கியது பாக்டீரியா. 1899இல் லேமான், கிஸ்கால்ட் இருவரும் நிறத்துக்குக் காரணம் நைட்ரேட் இல்லை, இந்த நைட்ரைட்தான் என்று காட்டினார்கள். 1901இல் ஸ்காட்லாந்தின் ஜான் ஸ்காட் ஹால்டேன் மிச்சத்தை விளக்கினார்: நைட்ரைட்டிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடு, கறியின் சிவப்புப் பொருளில் உள்ள இரும்போடு போய் ஒட்டிக்கொள்கிறது. சூடாக்கினால் அந்தச் சேர்க்கை உடைவதில்லை, இளஞ்சிவப்பாக நிலைத்துவிடுகிறது.

இது தெரிந்ததும் தொழிற்சாலைகளுக்கு ஒரு யோசனை வந்தது. பாக்டீரியா மெதுவாக மாற்றும்வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? நேராக நைட்ரைட்டையே போட்டால் என்ன? அமெரிக்க விவசாயத் துறை 1923இல் சோதனைகள் நடத்திப் பார்த்துவிட்டு 1925இல் அனுமதி கொடுத்தது. முடிந்த பொருளில் கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரைட் இருக்கக் கூடாது என்பது வரம்பு. பின்னாளில் ஊசிகள் வழியாக உப்புநீரைக் கறிக்குள்ளேயே பாய்ச்சும் முறை பரவியது. மாசக்கணக்கில் நடந்த வேலை சில நாட்களில் முடிந்தது.

சாவு வீட்டு ஹாம்

நைட்ரைட்டை நிறத்துக்காக மட்டும் போட்டார்கள் என்று சொல்லிவிட முடியாது. 1895 டிசம்பரில் பெல்ஜியத்தில் எல்செல் என்ற ஊரில் ஒரு சாவு நடந்தது. வாசிக்க வந்த இசைக்குழுவினருக்கு உப்பிட்ட, வேகவைக்காத ஹாம் பரிமாறினார்கள். சாப்பிட்டவர்களுக்குக் கண் இரட்டையாகத் தெரிந்தது, விழுங்க முடியவில்லை, பேச்சு குழறியது. மூன்று பேர் இறந்துபோனார்கள்.

கென்ட் பல்கலைக்கழகத்தின் எமில் வான் எர்மெங்கெம் அந்த ஹாமை வாங்கி ஆராய்ந்து, காற்றில்லாத இடத்தில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். இன்று அதன் பெயர் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம். உப்பு சரியாக ஊறாத ஒரு தடித்த தொடையின் நடுப்பகுதியைவிட அதற்கு வசதியான இடம் கிடைக்காது.

நைட்ரைட் இந்தக் கிருமியைத் தடுக்கிறது. உப்பைக் குறைத்து, தண்ணீரைக் கூட்டி, மெதுவாகக் காய்வதற்குப் பதில் சீக்கிரம் விற்கும் ஹாமுக்கு இது முக்கியமான பாதுகாப்பு. இந்த நியாயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

கலோரி என்ற முதல் வரி

இப்போது பட்டியலுக்கு வருவோம். அதன் மேல்வரிகளை எழுதியவர் வில்பர் அட்வாட்டர் (1844–1907). கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியர். ஜெர்மனிக்குப் போய் அங்கே நடந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சியைக் கற்றுவந்தவர். இயற்பியலாளர் எட்வர்ட் ரோசாவோடு சேர்ந்து அவர் ஓர் அறை கட்டினார். ஓர் ஆள் உள்ளே நாள்கணக்கில் இருந்து சாப்பிட்டு, தூங்கி, உடற்பயிற்சி செய்வார். வெளியே இருப்பவர்கள் அவர் உடம்பு விடும் வெப்பத்தையும் மூச்சையும் அளப்பார்கள். புரதம் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9, மாவுச்சத்து 4 என்று இன்று எல்லா பாக்கெட்டிலும் வரும் கணக்கு அவருடைய ஆராய்ச்சியிலிருந்து வந்ததுதான்.

மேலே உள்ள ஹாமில் போட்டுப் பாருங்கள். 22.6ஐ 4ஆல் பெருக்கி, 9ஐ 9ஆல் பெருக்கிக் கூட்டினால் 171 வரும். பட்டியல் 178 என்கிறது. அந்தச் சின்ன வித்தியாசம், கறியின் புரதத்துக்கும் கொழுப்புக்கும் தனித்தனியாகத் திருத்திய பெருக்கெண்களைப் பயன்படுத்துவதால் வருவது.

அட்வாட்டரின் கேள்வி என்ன? ஒரு தொழிலாளி தன் கூலியில் அதிக உழைப்புச் சக்தியை எப்படி வாங்குவது? இதுதான். அதனால் அவர் கண்ணுக்கு மலிவான கொழுப்பு நல்ல சரக்கு. கீரையும் பழமும் காசுக்குக் கட்டுப்படியாகாதவை.

1896இல் அவரும் சார்லஸ் வூட்ஸும் அமெரிக்க உணவுகளின் வேதிப் பகுப்பை ஒரு அரசு அறிக்கையாக வெளியிட்டார்கள். அந்த வரிசையில் வந்த அட்டவணைகளில், புகையூட்டிய ஹாமின் உண்ணும் பகுதிக்கு இருந்த கணக்கு இது: தண்ணீர் 40.3 சதவீதம், புரதம் 16.3, கொழுப்பு 38.8, சாம்பல் 4.8.

கொழுப்பு 38.8! இன்று 9. அது வாட்டாத ஹாம், இது வாட்டியது, ஆகவே நேருக்கு நேர் வைத்துப் பார்க்க முடியாதுதான். ஆனாலும் இவ்வளவு பெரிய இறக்கத்தை அடுப்பு மட்டும் உண்டாக்கவில்லை. அந்தக் காலத்துப் பன்றியைக் கொழுப்புக்காகவே வளர்த்தார்கள், சமையலுக்குப் பன்றிக்கொழுப்புதான் எண்ணெய். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தாவர எண்ணெய் அந்த இடத்தைப் பிடித்தது, பன்றி மெலிந்தது. கசாப்புக்காரர் ஓரக் கொழுப்பைச் சீவ ஆரம்பித்தார். ஊசி வழியாகத் தண்ணீர் உள்ளே போனது. பெயர் அதே ஹாம், பொருள் வேறு.

சாம்பல்

அந்தக் கடைசி எண்ணைத் திரும்பப் பாருங்கள். சாம்பல் 4.8 சதவீதம். இதுதான் இந்தக் கதையின் மையம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அன்றைய வேதியியலாளர்கள் உணவை எரித்துவிடுவார்கள். தண்ணீர், புரதம், கொழுப்பு எல்லாம் போனபிறகு கிண்ணத்தின் அடியில் மிஞ்சும் வெள்ளைப் பொடி சாம்பல். அதற்குக் கலோரி கிடையாது, ஆகவே யாருக்கும் அதில் அக்கறையும் கிடையாது. உப்பிடாத கறியில் சாம்பல் சுமார் 1 சதவீதம்தான் இருக்கும். ஹாமில் 4.8 என்றால் மிச்சம் என்ன? உப்பு. கேட்டோ கொட்டிய உப்பு, இரண்டாயிரம் வருஷம் கழித்து, சாம்பல் என்ற பெயரில் ஓரமாக உட்கார்ந்திருந்தது. அளந்தாகிவிட்டது, ஆனால் பார்க்கவில்லை.

1904இலேயே பாரிஸில் அம்பார், போஜார் என்ற இரு மருத்துவர்கள் உப்புக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு உண்டு என்று எழுதினார்கள். 1940களில் டியூக் பல்கலைக்கழகத்தின் வால்டர் கெம்ப்னர், சோறும் பழமும் மட்டும் கொடுத்துக் கடுமையான ரத்த அழுத்த நோயாளிகளின் அழுத்தத்தை இறக்கிக் காட்டினார். அந்த உணவில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. அதன்பின் லூயிஸ் டால் எலிகளை வைத்து இதைத் தொடர்ந்தார். அமெரிக்க விவசாயத் துறையின் பெரிய அட்டவணையை பெர்னிஸ் வாட், அனபெல் மெரில் என்ற இரு பெண்கள் தொகுத்தார்கள். அதன் 1963ஆம் ஆண்டுப் பதிப்பில் சோடியத்துக்கென்று தனிக் கட்டம் இருக்கிறது. சாம்பல் ஒருவழியாகப் பேச ஆரம்பித்தது.

இன்றைய 1,500 மில்லிகிராம் சோடியத்தை உப்பாக மாற்றினால் 3.8 கிராம். ஒரு நாளைக்கே 5 கிராம் உப்புக்குள் இருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். 100 கிராம் ஹாமில் முக்கால் பங்கு முடிந்துவிடுகிறது. மேலே உள்ள பட்டியலில் தண்ணீர், புரதம், கொழுப்பு மூன்றையும் கூட்டிப் பாருங்கள், 96 கிராம்தான் வரும். விடுபட்ட நாலு கிராம் எது என்று இனி சொல்ல வேண்டியதில்லை.

நெல்லூரில் பிறந்தவர் கண்ட வரி

பட்டியலின் கடைசி வரி தயமின். ஹாமுக்கு நியாயமாகப் பெருமை சேர்க்கும் வரி இதுதான். மாட்டுக்கறி, கோழிக்கறியைவிடப் பன்றிக்கறியில் தயமின் பல மடங்கு அதிகம். வாட்டும்போது கொஞ்சம் அழிந்தாலும் மிஞ்சும் 0.7 மில்லிகிராம், ஓர் ஆணின் ஒரு நாள் தேவையான 1.2 மில்லிகிராமில் பாதிக்கும் மேல்.

ஆனால் இந்த வரி ஹாமை ஆராய்ந்து வந்ததில்லை, அரிசியை ஆராய்ந்து வந்தது. தீட்டிய அரிசியே கதி என்று இருந்தவர்களுக்குக் கிழக்காசியாவில் பெரிபெரி நோய் வந்தது. கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இதயம் நின்றுபோகும். 1890களில் ஜாவாவில் எய்க்மான், தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்கு இதே மாதிரி நோய் வருவதைக் கண்டார். 1926இல் ஜான்சன், டொனாத் இருவரும் அரிசித் தவிட்டிலிருந்து அந்தச் சத்தைப் படிகமாகப் பிரித்தார்கள். அதன் அமைப்பைக் கண்டு 1936இல் செயற்கையாகத் தயாரித்துக் காட்டியவர் ராபர்ட் ஆர். வில்லியம்ஸ். இவர் 1886இல் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில், அமெரிக்க மிஷனரி பெற்றோருக்குப் பிறந்தவர்.

அட்வாட்டர் 1907இல் இறந்தபோது வைட்டமின் என்ற சொல்லே கிடையாது. அவர் எரித்துப் பார்த்த ஹாமிலும் தயமின் இருந்தது, எரிந்தும் போனது.

பட்டியலில் இல்லாத வரி

இனி நைட்ரைட்டுக்குத் திரும்புவோம். 1956இல் இங்கிலாந்தில் மகீ, பார்ன்ஸ் என்ற இருவர், நைட்ரோசமீன் வகையைச் சேர்ந்த ஒரு வேதிப்பொருள் எலிகளின் ஈரலில் புற்றுநோய் உண்டாக்குவதைக் காட்டினார்கள். 1960களில் நார்வேயில், நைட்ரைட் போட்டுப் பதப்படுத்திய மீன்தூளைத் தின்ற கால்நடைகள் ஈரல் கெட்டுச் செத்தன. அந்தத் தூளிலும் அதே பொருள்தான் இருந்தது. நைட்ரைட்டும் புரதத்தின் சிதைவுப் பொருட்களும் சேர்ந்தால் அது உண்டாகும்.

1970களில் அமெரிக்காவில் நைட்ரைட்டைத் தடைசெய்யலாமா என்ற பெரிய சண்டையே நடந்தது. ஒரு பக்கம் புற்றுநோய், இன்னொரு பக்கம் அந்தச் சாவு வீட்டு ஹாம். கடைசியில் தடை வரவில்லை. அதிகச் சூட்டில் பொரியும் பேக்கனுக்கு மட்டும் 1978இல் நைட்ரைட் அளவைக் குறைத்து, நைட்ரோசமீன் உருவாவதைத் தடுக்கும் வைட்டமின் சி வகைச் சேர்மத்தைக் கட்டாயமாக்கினார்கள்.

2015 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, பதப்படுத்திய இறைச்சியை முதல் பிரிவில் வைத்தது. தினம் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்றது. பலர் இதைத் தவறாகப் படித்தார்கள். முதல் பிரிவு என்றால் ஆதாரம் உறுதி என்று அர்த்தம், ஆபத்து சிகரெட் அளவுக்கு என்று அர்த்தம் இல்லை. 18 சதவீதமும் இருப்பதன்மேல் கூடுவது. உதாரணத்துக்கு, வாழ்நாளில் 100 பேரில் 5 பேருக்கு வரும் நோய் என்று வைத்தால், அது 6க்கு அருகே போகும். ஒருத்தருக்குச் சின்ன மாற்றம், ஒரு நாட்டுக்குப் பெரிய எண்.

இவ்வளவு நடந்தும், மேலே கொடுத்த பட்டியலில் நைட்ரைட் என்று ஒரு வரி கிடையாது. பாக்கெட்டின் சத்துக் கட்டத்திலும் கிடையாது. சேர்மானப் பட்டியலின் கடைசியில் சின்ன எழுத்தில் பெயர் மட்டும் இருக்கும், அளவு இருக்காது. சில பாக்கெட்டுகளில் "நைட்ரைட் சேர்க்கவில்லை" என்று பெரிதாகப் போட்டிருக்கும், கீழே செலரிப் பொடி என்று இருக்கும். செலரியில் இயற்கையாகவே நைட்ரேட் அதிகம், அதை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும். பொலென்ஸ்கே 1891இல் கண்ட அதே வேலைதான், பெயர்ப்பலகை மட்டும் புதுசு.

அப்போ எப்படிப் படிப்பது?

50 கிராம் வாட்டிய ஹாம் என்று வையுங்கள், மெல்லிய இரண்டு துண்டு. சுமார் 90 கலோரி, 11 கிராம் புரதம், ஒரு நாள் தயமின் தேவையில் கால் பங்குக்கு மேல், கிட்டத்தட்ட 2 கிராம் உப்பு. எப்போதாவது ஒரு பண்டிகைக்கு என்றால் பயப்பட இதில் ஒன்றும் இல்லை. தினசரி புரதத்துக்கு இதுதான் வழி என்று வைத்தால் உப்பும், பட்டியலில் இல்லாத அந்த வரியும் சேர்ந்தே வரும்.

புரத எண்ணைப் பார்க்கும்போது தண்ணீரையும் பாருங்கள். ஊசியேற்றிய தண்ணீர் கூடக் கூட புரதம் குறையும். அமெரிக்காவில் 1980களிலிருந்து இதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. கொழுப்பை நீக்கிப் பார்த்தால் புரதம் 20.5 சதவீதம் இருந்தால்தான் வெறும் "ஹாம்" என்று விற்கலாம். 17 சதவீதத்துக்கு இறங்கினால் "தண்ணீர் சேர்த்த ஹாம்" என்று எழுத வேண்டும். நம்ம பால்காரர் கதைதான், இங்கே தண்ணீரை அளந்து ஊற்றி லேபிளும் ஒட்டுகிறார்கள்.

கேட்டோவுக்குக் கறி கெடக் கூடாது. அட்வாட்டருக்குக் கூலிக்காரன் வயிறு நிறைய வேண்டும். கெம்ப்னருக்கு நோயாளியின் ரத்த அழுத்தம் இறங்க வேண்டும். ஒவ்வொருவரும் தங்கள் கவலைக்கு ஒரு வரியை விட்டுப்போனார்கள். நம் காலத்துக் கவலைக்கு இன்னும் வரி போடவில்லை. அதுவரை சேர்மானப் பட்டியலின் அந்தச் சின்ன எழுத்தைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டாவது படித்துவிடுவது நல்லது.